மூன்றாம் முறை முடியாத செய்தி

திருகோணமலை சீனக்குடாச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, நாப்பத்திரண்டில யப்பான்காரன் குண்டு போட வாறது இஞ்ச எப்பிடி முதலே தெரிஞ்சது? முதல் நாள் இரவே கப்பலெல்லாம் வெளிக்கிட்டுப் போட்டுதாம் எண்டு அப்பப்பா சொல்லுவார்."

அப்பப்பா சொன்னது சரிதான். அதை விளங்கிக்கொள்ள, லெனார்ட் பேர்ச்சல் என்ற கனடிய விமானியிடமிருந்து தொடங்க வேண்டும். ஒன்ராறியோவில் செயின்ட் கேத்தரின்ஸ் என்ற ஊரில் 1915இல் பிறந்தவர். ஏரிக் கப்பல்கள் கால்வாய் வழியே போய்வரும் ஊர் அது. 1942 ஏப்ரல் 2ஆம் திகதி, தண்ணீரில் இறங்கி ஏறும் கற்றலினா விமானத்தோடு காலிக்குப் பக்கத்தில் கொக்கலைக்கு வந்து சேர்ந்தார். ஒரு நாள்தான் ஓய்வு. 4ஆம் திகதி விடியமுன்னே கடலுக்கு மேல் ரோந்துக்குப் போய்விட்டார்.

நாள் முழுக்க வெறுங்கடல். திரும்புகிற நேரத்தில் தெற்கே, அடிவானத்தில் ஒரு புள்ளி தெரிந்தது.

'கப்பல் தெரிகிறது' என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாமே என்று தோன்றும். ஆனால் கரையில் இருப்பவருக்கு அது போதாது. எத்தனை கப்பல், என்ன வகை, எந்தத் திசை, என்ன வேகம் என்று தெரிந்தால்தான் எதையும் செய்யலாம். அதை எண்ணக் கிட்டப் போக வேண்டும். கற்றலினா மணிக்கு ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போகும். யப்பானின் சீரோ சண்டை விமானம் 500ஐத் தாண்டும். கிட்டப் போனால் தப்பிவருவது கடினம். விமானத்தில் இருந்த ஒன்பது பேரும் போனார்கள். அங்கே நின்றது, நான்கு மாதம் முன்பு பேர்ள் துறைமுகத்தை அடித்த யப்பானிய அட்மிரல் நகுமோவின் கப்பற்படை.

ஒரே செய்தியை மூன்று முறை தட்டுவது அன்றைய வழக்கம். மூன்றாம் முறை முடியுமுன்னே குண்டு பட்டு வயர்லெஸ் நொறுங்கியது. ஆனாலும் செய்தி கரையை எட்டிவிட்டது. மூவர் இறந்தார்கள். ஆறு பேரை யப்பானியர் கடலிலிருந்து தூக்கிச் சிறை வைத்தார்கள். கைதிகளின் பெயரை வெளியே அறிவிக்காத ஒஃபுனா முகாமுக்குத்தான் பேர்ச்சல் முதலில் போனார். உயிரோடிருக்கிறாரா என்றே தெரியாமல் வீட்டார் காத்திருந்த காலத்தை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது. பின்னர் வேறு முகாம்களில், நோயாளிக் கைதிகளை வேலைக்கு அனுப்பாதே என்று அடி வாங்கியும் எதிர்த்து நின்றார். 1945இல் வீடு திரும்பினார். 2004இல், 89 வயதில் காலமானார்.

ஏப்ரல் 5 கொழும்பில் குண்டு விழுந்தது. 8ஆம் திகதி யப்பானியர் கிழக்கே மறுபடி கண்ணில் பட்டார்கள். அன்றிரவே திருகோணமலைத் துறைமுகம் பெரும்பாலும் காலியானது. மறுநாள் காலை குண்டு விழுந்தபோது அகப்பட்டவற்றில் சகாயிங் என்ற கப்பலும் ஒன்று. அதைக் கடற்படை 2018இல்தான் மேலே தூக்கியது. முதல் நாள் இரவே போன விமானந்தாங்கி ஹேர்மிஸும் தப்பவில்லை. மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கி 307 பேர் மாண்டார்கள்.

பேர்ச்சலுக்கு 'இலங்கையின் மீட்பர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. தகுந்த பெயர்தான். ஆனால் 9ஆம் திகதி காலை, நம் கிழக்குக் கடலில், அவருடைய 413ஆம் படைப்பிரிவின் இன்னொரு கற்றலினா அதே கப்பற்படையிடம் அகப்பட்டு வீழ்ந்தது. ஒருவரும் மீளவில்லை. அதன் தலைமை விமானி ரே தோமஸ்.

தம்பி அந்தப் பெயரை வடை சுற்றிய தாளில் எழுதித் தரச்சொல்லி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.