அடுக்குப் பின்னம்: எந்தக் கோடு பெரிய கோடு?

ஏழாம் வகுப்பில் ஒரு நாள், கரும்பலகையில் 1 எழுதி, கீழே ஒரு கோடு, அதன் கீழே 2, மீண்டும் ஒரு கோடு, அதன் கீழே 3 என்று எழுதினேன். பாதிப் பேர் விடை 1/6 என்றார்கள். மீதிப் பேர் 3/2 என்றார்கள். தவறு அவர்களுடையது அல்ல, என்னுடையது. இரண்டு கோடுகளையும் ஒரே நீளத்தில் போட்டிருந்தேன். கீழ்க்கோடு நீளமென்றால் அரையை 3-ஆல் வகுக்கிறோம். மேல்கோடு நீளமென்றால் 1-ஐ 2/3-ஆல் வகுக்கிறோம். ஒரு விடை மற்றதைப் போல ஒன்பது மடங்கு!

தொகுதியிலோ பகுதியிலோ மற்றொரு பின்னம் உட்கார்ந்திருந்தால் அதை வகுப்பில் அடுக்குப் பின்னம் என்று சொல்கிறேன். அன்று முதல் பெரிய கோட்டைச் சமக்குறிக்கு நேராக, வண்ணச் சுண்ணக்கட்டியால் போடுகிறேன்.

அடுத்த தடுமாற்றம், 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்ற விதியில். எதைத் தலைகீழாக்குவது என்பது பிள்ளைகளுக்கு மறந்துவிடும். சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் குரோஸ் என்றால் 144 பெட்டி என்று சொல்லித்தர வேண்டியதில்லை. ஒருவர் முக்கால் மணி நேரத்தில் அரைக் குரோஸ் தீப்பெட்டி அடுக்கினால், ஒரு மணி நேரத்தில் எவ்வளவு? மேலே 1/2, கீழே 3/4. மேலும் கீழும் 4-ஆல் பெருக்கினால் மேலே 2, கீழே 3. விடை 2/3 குரோஸ், அதாவது 96 பெட்டி. 45 நிமிடத்தில் 72 பெட்டி என்று வைத்துப் பிள்ளைகளே சரிபார்த்துவிடுவார்கள். தலைகீழாக்கும் விதி எங்கிருந்து வருகிறது என்பதும் இதில் தெரிந்துவிடும். (வெடிமருந்துக் கலவை விகிதங்களை மட்டும் நான் கணக்குக்கு எடுப்பதில்லை. அது வகுப்பறைக்கு வேண்டாம்.)

நம் மொழியிலேயே இந்த அடுக்கு உண்டு. அரைக்கால் என்பது காலில் அரை, 1/8. அரையில் எத்தனை அரைக்கால் என்று கேட்டால், அடுக்குப் பின்னம் என்ற பெயரே தெரியாத ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் நான்கு என்று சொல்லும். மேலே 1/2, கீழே 1/8 என்று எழுதிக் காட்டினால் அதே பிள்ளை திகைக்கும். எனவே முதலில் வாயால் கேட்பதே நல்லது.

கூட்டலும் கழித்தலும் உள்ளே வந்தால் மீ.சி.ம. கைகொடுக்கும். மேலே 1/2 + 1/3, கீழே 3/4 − 1/6 என்று கொள்வோம். நான்கு பகுதிகளுக்கும் மீ.சி.ம. 12. மேலே 6 + 4 = 10, கீழே 9 − 2 = 7. விடை 10/7. மேலும் கீழும் தனித்தனியே சுருக்கி (5/6, 7/12) வகுத்தாலும் இதே விடைதான். ஆனால் ஒவ்வோர் உறுப்பையும் 12-ஆல் பெருக்க வேண்டும். முதல் உறுப்பை மட்டும் பெருக்கிவிட்டு நிற்கும் தாள்களை நிறையப் பார்த்திருப்பீர்கள். இன்னொரு பிழை, மேலே உள்ள 1/2-இல் இருக்கும் 2-ஐக் கீழே உள்ள 3/4-இல் இருக்கும் 4-உடன் அடிப்பது. கூட்டலால் இணைந்த உறுப்புகளுக்கு நடுவே அடித்தல் செல்லாது.

இதை ஆறாம், ஏழாம் வகுப்போடு விட்டுவிட்டால் பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்தான் அவதிப்படுவார். 6 ஓம், 3 ஓம் மின்தடைகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால், 1/6 + 1/3 = 1/2 என்று சரியாகக் கூட்டிய மாணவர் 'விடை அரை ஓம்' என்று எழுதி நிறுத்துகிறார். அந்த 1/2 இன்னும் பெரிய கோட்டுக்குக் கீழேதான் இருக்கிறது, மேலே 1 காத்திருக்கிறது. விடை 2 ஓம்.

நாளை உங்கள் வகுப்பில் இதைக் கேட்டுப் பாருங்கள். சிவகாசியிலிருந்து விருதுநகருக்கு மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போன பேருந்து, அதே வழியில் 60 கி.மீ. வேகத்தில் திரும்பியது. சராசரி வேகம் என்ன? பெரும்பாலோர் 50 என்பார்கள். ஒரு வழித் தூரத்தை 1 என்று கொண்டால் மேலே 2, கீழே 1/40 + 1/60. மேலும் கீழும் 120-ஆல் பெருக்கினால் மேலே 240, கீழே 3 + 2. விடை 48. ஏன் 50 இல்லை என்று சண்டைக்கு வருவார்கள். மெதுவாக ஓடிய நேரம்தான் அதிகம் என்று அவர்களில் ஒருவரே சொல்லும்வரை காத்திருங்கள்.