மாவுக்கட்டைப் பிரித்த பிறகு

உட்காருங்கள், டீ வரட்டும். இது ஒரு டம்ளரில் முடிகிற பேச்சு இல்லை.

ஈரத்தரையில் வழுக்கி விழுகிறோம். விழும்போது கை தானாகவே முன்னால் போய் ஊன்றுகிறது, மணிக்கட்டு முறிகிறது. ஐம்பது தாண்டிய பெண்களிடம் அடிக்கடி பார்க்கும் முறிவு இது. அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் 1814இல் இதை விவரித்து எழுதியதால் இன்றும் அவர் பெயரைச் சொல்லித்தான் டாக்டர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். அப்போது எக்ஸ்ரே கிடையாது. கையைப் பார்த்தும் தொட்டும்தான் அவர் கண்டுபிடித்தார்.

எலும்பை நேராக்கி மாவுக்கட்டு போடுவார்கள். ஆறு வாரம் பாலிதீன் பையைச் சுற்றிக்கொண்டு குளித்து, தலை பின்ன மருமகளுக்காகக் காத்திருப்போம். ஒருநாள் கட்டைப் பிரிப்பார்கள். உள்ளே மெலிந்து, தோல் உரிந்து, விரல்கள் சரியாக மடங்காத ஒரு கை இருக்கும். “எலும்பு கூடிருச்சுன்னு சொன்னாங்களே, அப்புறம் ஏன் டம்ளரைத் தூக்க முடியல?” என்று கேட்காதவர்களே இல்லை.

எலும்பு கூடுவது ஒரு வேலை, கை விளங்குவது வேறு வேலை. முதல் வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். கட்டுப் பிரிக்கும் நாளை முடிவு என்று நினைப்பதில்தான் பல கைகள் வீணாகின்றன.

முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் கசிந்து உறைகிறது. அந்த ரத்தக்கட்டும் சுற்றியுள்ள வீக்கமும்தான் பழுதுபார்க்கும் செல்களை அங்கே வரவழைக்கின்றன. வீங்கியதைக் கண்டு பதறுகிறோம், ஆனால் ஆறுவதற்கு அதுதான் தொடக்கம். இரண்டு மூன்று வாரத்தில் முறிந்த இரு முனைகளையும் பிடித்துக்கொண்டு குருத்தெலும்பு வளரும். பிறகு அதில் கால்சியம் படிந்து இறுகும். பெரியவர்களுக்கு மணிக்கட்டில் இது ஏறக்குறைய 6 வாரம். முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு என்றால் மூன்று நான்கு மாதம்கூட ஆகும். சின்னப் பிள்ளைகளுக்குச் சீக்கிரமே கூடிவிடும். இப்படிக் கூடிய புது எலும்பு முண்டும் முடிச்சுமாக இருக்கும். அதைச் செதுக்கிப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவர உடம்புக்கு மாதங்கள், சில சமயம் வருடங்கள் தேவைப்படும்.

செதுக்குவதற்கு ஒரு கணக்கு உண்டு. எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892இல் புத்தகமே எழுதினார். டென்னிஸ் ஆட்டக்காரர்களுக்கு மட்டை பிடிக்கும் கையின் எலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். வேலையில்லாமல் கிடக்கும் எலும்போ மெலியும். அளவான பாரமும் எலும்புக்கு மருந்துதான்.

அப்படியானால் எதற்குக் கட்டு என்று கேட்கலாம். இது பழைய சண்டை. சுட்ட ஜிப்சம் மாவு தூவிய துணியை நனைத்துச் சுற்றும் முறையை நெதர்லாந்து ராணுவ மருத்துவர் அந்தோனியஸ் மத்தைசன் 1851இல் கொண்டுவந்தார். அதே நூற்றாண்டில் லிவர்பூலில் ஹ்யூ ஓவன் தாமஸ் இருந்தார். பரம்பரையாக எலும்பு கட்டும் குடும்பத்தில் பிறந்து டாக்டருக்குப் படித்தவர். அசையவே கூடாது, நீண்ட நாள் ஓய்வு வேண்டும் என்பது அவர் கட்சி. தொடையெலும்பு முறிவுக்கு இன்றும் பயன்படுகிற தாமஸ் கம்பிச் சட்டம் அவர் செய்ததுதான். முதல் உலகப்போரில் அது ஏராளமான சிப்பாய்களின் உயிரைக் காப்பாற்றியது. பிரான்சில் லூக்கா-ஷாம்பியோனியே என்ற மருத்துவர் இதற்கு நேர் எதிர்: முறிவிலும் சீக்கிரமே நீவிவிட்டு அசைக்க வேண்டும் என்றார். என்னைக் கேட்டால் முறிந்த இடத்துக்குத் தாமஸ் சொன்னது சரி, அதற்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகளுக்குப் பிரெஞ்சுக்காரர் சொன்னது சரி.

அதனால் கட்டு இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். டாக்டர் தடுக்கவில்லை என்றால் விரல்களை முழுக்க மடக்கி நீட்டுங்கள். ஒரு நாளில் பலமுறை. முழங்கையை மடக்கி நீட்டுங்கள். கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். கழுத்தில் தொட்டில் மாட்டிக் கையை நெஞ்சோடு ஒட்டியே வைத்திருந்தவர்கள் மணிக்கட்டு சரியான பிறகும் தோள் இறுகிப்போய் ரவிக்கை போடத் திண்டாடுவதைப் பார்த்திருக்கிறேன். முறிந்தது மணிக்கட்டு, முடங்கியது தோள். தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் அது.

கட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கட்டுக்குள் வலி குறையாமல் ஏறிக்கொண்டே போனால், விரல் மரத்தால், வெளுத்தோ நீலம் பாரித்தோ குளிர்ந்துபோனால், விரலை நீட்டிவிடும்போது உயிர் போகிற மாதிரி வலித்தால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ரத்த ஓட்டம் தடைபட்டால் சில மணி நேரத்தில் தசை செத்துப்போகும். அப்படிக் கை நிரந்தரமாக மடங்கிப்போவதை ஜெர்மன் மருத்துவர் வோல்க்மன் 1881இலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரிக் கட்டோ, திருத்தணியைத் தாண்டிப் புத்தூர் போய்ப் போட்டுவந்த நாட்டுக்கட்டோ, எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். நாட்டுக்கட்டில் குணமானவர்கள் நம்மிடையே நிறையப் பேர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எக்ஸ்ரே பார்க்காமல் கட்டினால் எலும்பு கோணலாகக் கூடலாம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால், நேரே ஆஸ்பத்திரிக்குத்தான்.

இனி கட்டுப் பிரித்த பிறகு. மூட்டைச் சுற்றியுள்ள உறை, கஞ்சி போட்டு மடித்துவைத்த வேட்டி மாதிரி விறைத்திருக்கும். புழங்கப் புழங்கத்தான் இளகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கையைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு மணிக்கட்டை மேலும் கீழும் அசையுங்கள். பிறகு முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து உள்ளங்கையைத் திருப்புங்கள். கீழே பார்க்கத் திருப்புவது சீக்கிரம் வந்துவிடும். மேலே பார்க்கத் திருப்புவதுதான் பலருக்குப் பிடிவாதம் பிடிக்கும். திருநீறு வாங்கக் கையை நீட்டும்போதும், சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோகும்போதும்தான் அது இல்லாத குறை தெரியும். பிடிக்கு, சப்பாத்தி மாவைப் பிசையலாம், ஈரத்துண்டைப் பிழியலாம். குடம் தூக்குவதும் தேங்காய் துருவுவதும் டாக்டரைக் கேட்ட பிறகு.

எவ்வளவு வலிக்கலாம்? எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான். பயிற்சி செய்யும்போது இழுத்து வலிப்பது சரி. சற்று நேரத்தில் அடங்கி, மறுநாள் காலையில் கை முன்போலவே இருந்தால் அளவு சரியாக இருக்கிறது. மறுநாளும் வீங்கி, வலி கூடியிருந்தால் நேற்று அதிகம் செய்துவிட்டீர்கள். குறையுங்கள், ஆனால் நிறுத்தாதீர்கள். பிறர் பிடித்து முறுக்குவது மட்டும் வேண்டாம். எண்ணெய் தடவி இதமாக நீவினால் குற்றமில்லை, மடக்கென்று வளைத்துவிடுகிறவர்களிடம் கையைக் கொடுக்காதீர்கள். அடிபட்டதற்குப் பொருந்தாத எரிச்சல் வலி, பளபளக்கும் தோல், நிறமாற்றம், வேர்வை எல்லாம் சேர்ந்து வந்தால் அது வேறு வகைத் தொல்லை. சீக்கிரம் காட்டினால்தான் நல்லது.

எலும்பு முறியாத அடிகளும் உண்டு. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், அதனால் விரைவில் ஆறும். தசைநாணுக்கும் தசைநாருக்கும் ரத்தம் குறைவு, மாதக்கணக்கில் இழுக்கும். மூட்டுக் குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே இல்லை. அது அழிந்தால் திரும்ப வராது என்று லண்டனில் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1743இல் சொன்னது பெரும்பாலும் இன்றும் உண்மை. கணுக்கால் சுளுக்கில் முதல் ஓரிரு நாள் காலை உயர்த்தி வையுங்கள், இறுக்கமில்லாமல் துணிக்கட்டு போடுங்கள், வலி பொறுக்கும் அளவுக்கு மெல்ல ஊன்றத் தொடங்குங்கள். அடிபட்டதும் நாலடிகூட ஊன்றி நடக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அமுக்கினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுங்கள். கனடாவின் ஒட்டாவா மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட இந்த வழிமுறையைத்தான் அவசரப் பிரிவுகளில் இன்றும் கையாள்கிறார்கள்.

பைக்கிலிருந்து விழும் இளைஞர்களுக்கும் ஒன்று. கட்டைவிரலின் அடியில், விரலை விரித்தால் குழிவிழும் இடத்தில் வலித்தால், முதல் எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்றாலும் அத்தோடு விடாதீர்கள். அங்குள்ள சிறிய எலும்பின் முறிவு சில சமயம் பத்துப் பதினான்கு நாள் கழித்தே படத்தில் தெரியும். அந்த எலும்புக்கு ரத்த ஓட்டமும் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போகலாம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்பீர்கள். ஆட்டுக்கால் சூப் தாராளமாகக் குடியுங்கள், நாக்குக்கு நல்லது. கால்சியத்துக்கு அதை நம்பவேண்டாம், எலும்பிலுள்ள கால்சியம் கொதிநீரில் கொஞ்சம்தான் இறங்கும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. முள்ளோடு தின்னும் நெத்திலியும் பாலும் தயிரும் உதவும். முட்டை, பருப்பு, மீன் என்று புரதமும் வேண்டும். காலை வெயிலோ டாக்டர் எழுதும் வைட்டமின் டி மாத்திரையோ தேவைப்படும். பீடி, சிகரெட் எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்தும். வீட்டு ஆண்களுக்கு இதைச் சற்று அழுத்திச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஐம்பது வயதுக்கு மேல், நின்ற இடத்திலிருந்து விழுந்ததற்கே எலும்பு முறிந்தால், தரையின் ஈரத்தை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். எலும்பு முன்பே மெலிந்திருக்கலாம், அடுத்த விழுகையில் இடுப்பு முறியலாம். எலும்பு அடர்த்தியை அளக்க டெக்ஸா ஸ்கேன் இருக்கிறது, மெலிவுக்கு மருந்தும் இருக்கிறது. கட்டுப் பிரிக்கப் போகும் அன்றே டாக்டரிடம் அதைக் கேட்டுவிட்டு வாருங்கள்.