புள்ளி எங்கே போயிற்று?

ஆய்வுக்கூடத்து மின்னணுத் தராசு ஒன்று கம்பி வழியே கணிப்பொறியுடன் இணைக்கப்பட்டுள்ளது என வைத்துக்கொள்வோம். தராசு 12.50 என்று அனுப்புகிறது. கணிப்பொறித் திரையிலோ 1250 என்று தெரிகிறது! இடையிலிருந்த புள்ளி எங்கே போயிற்று? இதற்கு விடை காண, கருவிக்கும் கணிப்பொறிக்கும் நடுவே நின்று பணிபுரியும் 'டிவைஸ் டிரைவர்' என்னும் இயக்கி நிரலைப் பற்றி நாம் அறிய வேண்டும்.

இத்தகைய இணைப்புகளுக்கு 1960-இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட ஆர்.எஸ்.-232 என்னும் தரம் பயன்படுகிறது. இதில் பிட்டுகள் ஒரே கம்பியில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்கின்றன. ஒவ்வோர் எழுத்துக்கும் 8 தகவல் பிட்டுகள், அவற்றின் முன்னே ஒரு தொடக்க பிட், பின்னே ஒரு முடிவு பிட், ஆக 10. வேகம் வினாடிக்கு 9600 பிட்டுகள் எனில், 960 எழுத்துகள் வரும். அதாவது ஏறத்தாழ 1 மில்லி வினாடிக்கு ஓர் எழுத்து.

பிட்டுகளைச் சேர்த்துப் பைட்டாக்குவது ஒரு சில்லு. 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். பி.சி.க்கான தொடர்பு அட்டையில் 8250 என்ற சில்லு இருந்தது. அதன் கடிகாரத் துடிப்பு வினாடிக்கு 18,43,200. இதை 16-ஆல் வகுத்தால் 1,15,200. மேலும் 12-ஆல் வகுத்தால் 9600. இந்த 12 என்ற எண்ணைச் சில்லுக்குத் தந்து வேகத்தை அமைப்பது இயக்கி நிரலின் தொடக்க வேலைகளுள் ஒன்று.

பைட் வந்துவிட்டதை நிரல் எவ்வாறு அறியும்? சில்லிலுள்ள நிலைமைப் பதிவேட்டைத் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு வழி. விருந்தினரை எதிர்பார்த்து நாள் முழுதும் வாசலில் நிற்பதைப் போன்றது இது. வேறு வேலை நடவாது. வாசலில் அழைப்பு மணி பொருத்துவது மற்றொரு வழி. பைட் வந்ததும் சில்லு மணியடிக்கும். மையச் செயலகம் கைவேலையை நிறுத்திவிட்டு, இதற்கென எழுதப்பட்ட நிரல் பகுதிக்குச் செல்லும். இதுவே 'இன்டரப்ட்', அதாவது குறுக்கீடு.

ஆபத்து இங்கேதான் இருக்கிறது. 8250 சில்லில், வந்த பைட்டை வைக்க ஒரே ஓர் இடம்தான் உண்டு. அடுத்தது முழுமையாக வந்து சேருமுன் அதை எடுக்காவிட்டால், புதியது பழையதன் மேல் அமர்ந்துவிடும். நம் புள்ளி இவ்வாறு அழிந்திருக்கலாம்.

எனவே குறுக்கீட்டு நிரல் மிகச் சிறியதாக இருத்தல் வேண்டும். பைட்டை எடுத்து நினைவகத்திலுள்ள வரிசையில் வைத்துவிட்டு உடனே திரும்ப வேண்டும். கணக்கிடுவது, திரையில் காட்டுவது முதலியன அதன் வேலையல்ல. வரிசையில் 256 இடங்கள் எனில், கடைசி இடத்துக்கு அடுத்தது முதல் இடமே; சக்கரம்போல் சுழலும். ஒரு முனையில் குறுக்கீட்டு நிரல் வைக்க, மறுமுனையில் பயன்பாட்டு நிரல் தன் வசதிப்படி எடுத்துக்கொள்ளும்.

பைட் தொலைந்தால் சில்லு நிலைமைப் பதிவேட்டில் ஒரு பிட்டை 1 ஆக்கி வைக்கும். ஆனால் பதிவேட்டைப் படித்தவுடனே அக்குறி அழிந்துவிடும்! படித்த அக்கணமே அதைக் குறித்துக்கொண்டு, பயனாளருக்குத் தெரிவிப்பதே நல்ல இயக்கி நிரல். தெரிவிக்காவிட்டால், 1250 என்ற தவறான எடை சரியானதுபோல் ஆய்வேட்டில் ஏறிவிடும்.

பின்னர் வந்த 16550ஏ சில்லில் 16 பைட்டுகளுக்கு இடம் உண்டு. வேகம் 1,15,200 ஆனால் எழுத்துக்குக் கிடைப்பது சுமார் 87 மைக்ரோ வினாடியே என்பதால் இவ்விடம் பெரிதும் உதவுகிறது. இன்றைய மடிக்கணினிகளில் சீரியல் போர்ட் அரிது, யூ.எஸ்.பி. மாற்றி அதன் இடத்தைப் பிடித்துள்ளது. எனினும் லினக்ஸின் இயக்கி நிரல்களுள் 8250 என்ற பெயர் இன்றும் வாழ்கிறது.

மாணவர்களே, செய்து பாருங்கள்: மாற்றியின் 9 முள் இணைப்பியில் 2, 3 ஆகிய முள்களை ஒரு கம்பியால் இணையுங்கள். நீங்கள் அனுப்புவது உங்களுக்கே திரும்பி வரும். 0 முதல் 255 வரை எண்களை வரிசையாக அனுப்பி, திரும்பி வந்தவற்றை ஒப்பிடுங்கள். எது விடுபட்டது என்பது உடனே தெரிந்துவிடும்.