லயத்துப் பிள்ளைகளின் சுதந்திரம்

மலேசிய ரப்பர் தோட்டங்களில் வளர்ந்து இன்று 50, 60 வயதைத் தாண்டிவிட்ட தமிழர்கள் தங்கள் பிள்ளைப் பருவத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால், முதலில் வருவது இஷ்டத்துக்குத் திரிந்த கதைதான். பள்ளி விட்டதும் பையை மூலையில் போட்டுவிட்டு ஓடினால் பொழுது சாயும்போதுதான் வீடு. எங்கே போனாய், யாரோடு போனாய் என்று கேட்பார் இல்லை. மலாக்கா மாநிலத்தின் தென்கோடியில், மெர்லிமாவுக்கும் மூவாருக்கும் இடையில் இருக்கிறது சுங்கை ரம்பாய். அங்கும் அதைச் சுற்றிய ஜாசின் மாவட்டத்துத் தோட்டங்களிலும் இந்த ஏக்கம் ஆழமாகவே உண்டு. அந்தச் சுதந்திரம் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை. அது வந்ததற்கும் போனதற்கும் தெளிவான காரணங்கள் உண்டு.

மலாயாவில் ரப்பரை வணிகப் பயிராக முதன்முதலில் நட்ட மண்ணே மலாக்காதான். டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் கன்றுகளை நட்டார்; பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டமாக விரித்தார். அடுத்த சில ஆண்டுகளில் ரப்பர் விலை ஏறியதும் காடுகள் அழிந்து தோட்டங்களாயின. மரத்தை வெட்டிப் பால் எடுக்க ஆள் தேவைப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் குடும்பம் குடும்பமாக ஆள் கட்டி வந்தார்கள். 1938-இல் இந்திய அரசு அதை நிறுத்தும்வரை இந்த வரவு நீடித்தது. குடும்பமாக வந்ததால் தோட்டத்தில் பிள்ளைகளும் இருந்தார்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேரோ அதற்கு மேலோ இருந்தால் தோட்டமே பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம். பல தோட்டங்களில் அந்தப் பள்ளி ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாக முடிந்துபோனது.

ஆனால் தோட்டம் பிறந்த நாளிலிருந்தே பிள்ளைகள் சுதந்திரமாகத் திரிந்தார்கள் என்று எண்ணிவிடக் கூடாது. ஜப்பானியர் ஆண்ட 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளில் பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் சயாம் மரண ரயில் பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். தகப்பன் திரும்பாத வீடுகள் தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்கள்தோறும் இருந்தன. போர் ஓய்ந்த மூன்றே ஆண்டில், 1948-இல் அவசரகாலம் வந்தது. ஆயுதமேந்திய கம்யூனிஸ்டுகளுக்கு உணவும் தகவலும் போய்ச் சேராதிருக்கத் தோட்டத்து லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டு முள்வேலி போடப்பட்டது. ஊரடங்கு, அரிசிக்குப் பங்கீடு, வாசலில் சோதனை. வேலிக்குள் வளர்ந்த அந்தத் தலைமுறைப் பிள்ளைகளுக்கு ரப்பர் காடு விளையாடும் இடமாக இருந்திருக்க முடியாது. இங்கே மலாக்காவுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1953 செப்டம்பரில் மலாயாவிலேயே முதல் 'வெள்ளைப் பகுதி'யாக அறிவிக்கப்பட்டது மலாக்காவின் கடலோரப் பகுதிதான். ஊரடங்கும் உணவுக் கட்டுப்பாடும் அங்கே முதலில் தளர்ந்தன. அவசரகாலம் நாடு முழுவதும் முடிய 1960 ஆயிற்று. ஆக, இன்று ஏக்கத்தோடு பேசப்படும் பிள்ளைப் பருவம் ஏறத்தாழ 1950-களின் நடுவில் தொடங்கி 1980-களின் பிற்பகுதியில் தேய்ந்துபோன ஒரு முப்பது ஆண்டுக் காலத்துக்கு உரியது.

அந்த முப்பது ஆண்டில் பிள்ளைகளைத் தனியே விட்டது ரப்பர் மரத்தின் இயல்புதான். விடியற்காலைக் குளிரில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏறினால் ஓட்டம் நின்றுவிடும். அதனால் இருட்டோடு பெரட்டுக்களத்தில் ஆள்கணக்கு எடுப்பார்கள். மேற்பார்வையாளரான தண்டல் பேர் கூப்பிட்டு முடித்ததும் உளியும் வாளியுமாக அவரவருக்கு ஒதுக்கிய மர வரிசையான நிரைக்குப் போய்விடுவார்கள். தகப்பன் ஒரு நிரை, தாய் ஒரு நிரை. நூற்றுக்கணக்கான மரங்களை வெட்டி, மங்கு எனும் கிண்ணங்களில் பால் நிறையும்வரை காத்திருந்து, சேகரித்து, காண்டா எனும் தோள்கம்பில் சுமந்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து வீடு திரும்ப மதியமாகிவிடும். கைக்குழந்தைகள் தோட்டத்துக் குழந்தைக் காப்பகமான ஆயாக்கொட்டாயில் இருக்கும். பள்ளி வயதுப் பிள்ளைகள் தாமாகவே எழுந்து, முந்தின இரவு மிஞ்சியதைக் கொண்டோ வரக்காப்பியும் ரொட்டியும் கொண்டோ வயிற்றை நிரப்பி, தம்பி தங்கையை இழுத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தார்கள். மதியம் வந்த தாய்க்கு விறகும் தண்ணீரும் சமையலும் துணியும் காத்திருந்தன. பிள்ளை எங்கே என்று தேட நேரமில்லை. இந்தச் சுதந்திரத்தை யாரும் யோசித்து வழங்கவில்லை. இரண்டு பேர் உழைத்தால்தான் அடுப்பு எரியும் என்ற கூலிக் கணக்கிலிருந்து அது பிறந்தது. இன்றைய பேச்சுகளில் பெரும்பாலும் விட்டுப்போவது இதுதான்.

கண்காணிப்பே இல்லை என்பதும் சரியல்ல. லயம் என்பது ஒரே கூரையின் கீழ் அடுத்தடுத்து ஒட்டிய வீடுகளின் வரிசை. பக்கத்து வீட்டில் பேசுவது இந்த வீட்டில் கேட்கும். அங்கே எல்லாரும் மாமா, அத்தை, சித்தப்பா, பெரியம்மா. ரத்த உறவு இருக்க வேண்டும் என்பதில்லை. ஆற்றங்கரையில் ஒரு பையனைப் பார்த்தவர் காதைத் திருகி அனுப்பும் உரிமை பெற்றவர். அவன் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்ச் சேர்ந்திருக்கும். மாடு மேய்க்கும் தாத்தா, ஒட்டுக்கடைக்காரர், கோயில் பூசாரி, வாத்தியார், ஆயாக்கொட்டாயின் ஆயா என்று பார்க்கும் கண்களுக்குக் குறைவில்லை. தோட்டத்துக்குள் அந்நியர் வந்தால் உடனே தெரியும். வெளியே போகும் சாலை ஒன்றுதான், வாகனங்கள் சில. ஒரு பெற்றோரின் வேலையை ஒரு ஊரே பகிர்ந்துகொண்டது. இந்தப் பகிர்வுதான் அந்த வாழ்க்கையின் உண்மையான செல்வம் என்று சொல்லத் தோன்றுகிறது.

விளையாட்டுப் பொருளைக் காசு கொடுத்து வாங்கியவர் குறைவு, தோட்டமே கொடுத்தது. ஆண்டின் தொடக்கத்தில் ரப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும். சில மாதங்கள் கழித்துக் காய் முற்றி, உச்சி வெயிலில் 'பட்' என்று வெடித்து, புள்ளி போட்ட கொட்டைகளைத் தூரத்தில் எறியும். அந்தக் கொட்டைகளைப் பொறுக்க ஒரு பருவமே ஒதுக்கப்பட்டது. ஒன்றன்மேல் ஒன்றை வைத்துப் புறங்கையால் அடித்து எது உடைகிறது என்று பந்தயம் வைப்பார்கள். சிமெண்டுத் தரையில் தேய்த்துச் சூடாக்கி முன்னால் இருப்பவன் தொடையில் வைப்பது அடுத்த விளையாட்டு. மங்கிலும் பட்டையிலும் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை இழுத்து இழுத்துச் சுற்றினால் பந்து. அது எங்கே துள்ளும் என்று யாருக்கும் தெரியாது. கொய்யாக் கிளையின் கவையும் சைக்கிள் டியூபும் சேர்ந்தால் லாஸ்டிக் எனும் கவண். ரப்பர் வளையங்களைக் கோத்துக் கயிறாக்கிப் பெண்பிள்ளைகள் தாண்டும் ஆட்டத்துக்கு ஜீரோ பாயிண்ட் என்று பெயர். கோலி, பம்பரம், கிட்டிப்புள், பாண்டி, சடுகுடு எல்லாம் தமிழ்நாட்டிலிருந்து வந்தவை. அஞ்சாங்கல்லை மலாய்ப் பிள்ளைகள் பத்து செரம்பான் என்பார்கள். இரு தரப்பும் சேர்ந்தே ஆடினார்கள். தீப்பெட்டிக்குள் சண்டைச் சிலந்தியை வளர்ப்பது இனம் கடந்த வழக்கம். தோட்டத்து எல்லை தாண்டினால் மலாய்க் கம்பம். ரம்புத்தானும் மங்குஸ்தீனும் ரம்பாயும் காய்க்கும் காலத்தில் அந்த எல்லை இன்னும் மெலிதாகிவிடும்.

மாதத்தில் ஒரு நாள் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போட்டால் சுற்றுத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகள் இருட்டில் நடந்தே வருவார்கள். படம் காட்டத் தகவல் இலாகாவின் வேனும் வருவதுண்டு. மாரியம்மன் திருவிழா நாட்களில் இரவு முழுக்க வெளியே இருக்க அனுமதி கேட்கவே வேண்டாம்.

ஏக்கத்தோடு பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். லயத்துப் பெண்பிள்ளைகளின் கணக்கு வேறு. எட்டு, ஒன்பது வயதில் இடுப்பில் ஒரு தம்பியோடுதான் ஒரு பெண் விளையாட வருவாள். தாய் மரம் வெட்டப் போன வீட்டில் சோறு வடிப்பவளும் அவளே. சடங்கு சுற்றிய பிறகு திடலும் ஆறும் அவளுக்கு இல்லை. அண்ணன் தம்பிகள் திரிந்த நேரத்தில் பாதியை அவளுடைய உழைப்புதான் வாங்கித் தந்தது. அந்தப் பெண்களின் நினைவுகள் குறைவாகவே எழுதப்பட்டிருக்கின்றன, எழுதப்பட வேண்டும்.

ஆபத்துகளும் இருந்தன. செம்மண் குட்டையிலும் ஆற்றிலும் மூழ்கிய பிள்ளைகள், பாம்பு கடித்தவர்கள், மரத்திலிருந்து விழுந்து கை கோணியவர்கள் என்று ஒவ்வொரு தோட்டத்திலும் ஒரு பட்டியல் உண்டு. சிறு காய்ச்சலுக்குத் தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெசர் இருந்தார். பெரிய நோய்க்கு ஆஸ்பத்திரி வெகு தொலைவு. கள்ளுக்கடை வாசலில் தகப்பனைத் தேடி நின்ற மாலைகளும் அதே பிள்ளைப் பருவத்தைச் சேர்ந்தவை. விடுமுறையில் பல பிள்ளைகள் தாயின் நிரையில் மங்கு துடைத்தார்கள், கட்டிப்பால் பொறுக்கினார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய இழப்பு கல்வியில் நேர்ந்தது. ஆறாம் வகுப்போடு நின்று, தகப்பனின் உளியையே கையில் வாங்கியவர்கள் ஏராளம். தோட்டத்துக்குள் எங்கும் போகலாம். தோட்டத்தை விட்டு மேலே போகும் வழிதான் ஒடுங்கியிருந்தது.

இந்த உலகம் கரைந்தது சில ஆண்டுகளில் நடந்த காரியமல்ல. 1950-களிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றார்கள். அதைத் தடுக்கத் தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டம் வாங்கலாம் என்று துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு ரப்பர் இருந்த இடத்தில் செம்பனை வந்தது. செம்பனைக்கு அவ்வளவு ஆள் வேண்டாம். அந்த வேலைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் வந்தார்கள். 1980-களிலும் 1990-களிலும் குடும்பங்கள் மெர்லிமாவ், ஜாசின், ஆயர் குரோ, மலாக்கா நகரப் பகுதிகளின் தாமான் எனும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் போயின. இன்னும் பலர் ஜொகூருக்கும் சிங்கப்பூருக்கும் வேலை தேடிப் போனார்கள். செம்பனைத் தோப்பில் விளையாடவும் முடியாது. அடியில் இருள், தரையெல்லாம் முள் மட்டை, எலியைத் தேடி வரும் பாம்பு.

வீடு மாறியபோது லயத்தின் கண்கள் கூட வரவில்லை. தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் யார் என்று தெரிய மாதங்கள் ஆகின்றன. சாலையில் வாகனங்கள் ஓயாமல் ஓடுகின்றன. 2007-இல் கோலாலம்பூரின் வங்சா மாஜுவில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி கடத்திக் கொல்லப்பட்ட செய்தி நாடெங்கும் பெற்றோரை உலுக்கியது. அதன் பிறகு பல வீடுகளில் பிள்ளை தனியே கடைக்குப் போவது நின்றது. சட்டமும் இறுகியது. போதிய கண்காணிப்பு இல்லாமல் பிள்ளையை விட்டுச் செல்வது 2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 33-ஆவது பிரிவின்படி குற்றம். 2016-இல் வந்த திருத்தம் அதற்கான தண்டனையை 20,000 ரிங்கிட் வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை என்று உயர்த்தியது. அன்று பெரட்டுக்குப் போன தாய்மார் இன்றைய சட்டத்தின் முன் நின்றிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பார்கள் என்பது எளிதில் விடை காண முடியாத கேள்வி.

பிள்ளைகளின் எல்லை சுருங்கியது மலேசியாவில் மட்டும் நடந்ததல்ல. இங்கிலாந்தில் மேயர் ஹில்மனும் அவருடைய கூட்டாளிகளும் நடத்திய ஆய்வின்படி, 1971-இல் ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகளில் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குப் போனார்கள். 1990-இல் அது 9 விழுக்காடு. சாலை விபத்து குறைந்ததைச் சாலை பாதுகாப்பானதற்குச் சான்றாகக் காட்டியவர்களுக்கு அவர்கள் சொன்ன பதில் முக்கியமானது: சாலையிலிருந்து பிள்ளைகளை அப்புறப்படுத்தியதால்தான் விபத்து குறைந்தது. இங்கிலாந்தில் பிள்ளைகளை உள்ளே தள்ளியது கார் என்றால், மலாக்காத் தோட்டத்துப் பிள்ளைகள் காரால் வெளியிடத்தை இழந்ததோடு ஊரையும் சேர்த்து இழந்தார்கள். அவர்களுடைய ஏக்கம் கனமாக இருப்பதற்கு இதுவே காரணம். லண்டன்காரர் தான் விளையாடிய தெருவை இன்றும் போய்ப் பார்க்கலாம். ஜாசின் வட்டாரத்தில் பல லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது.

மலேசியக் கலையில் இந்தப் பருவம் இரு விதமாகப் பதிவாகியிருக்கிறது. லாட் என்ற ஓவியர் 1979-இல் வெளியிட்ட 'கம்போங் பாய்' சித்திர நூல் பேராக் மாநில மலாய்ச் சிறுவனின் கட்டற்ற நாட்களை அன்போடு வரைந்தது. அதைப் பார்க்கும் தமிழருக்கும் அது தம் கதையாகவே படுகிறது. சஞ்சய் குமார் பெருமாள் இயக்கி 2015-இல் வந்த 'ஜகாட்' தமிழ்ப் படம் அதற்கு அடுத்த அத்தியாயத்தைச் சொல்கிறது. தோட்டத்திலிருந்து வெளியேறிய குடும்பம், 1990-களின் புறம்போக்குக் குடியிருப்பு, 12 வயதுத் துறுதுறுப்பான பையன். அவனுடைய குறும்பு லயத்தில் என்றால் யாரோ ஒரு மாமாவின் அதட்டலோடு முடிந்திருக்கும். புதிய இடத்தில் அதட்ட மாமாக்கள் இல்லை. குண்டர் கும்பல் இருந்தது. 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருது அதற்குக் கிடைத்தது.

தோட்டத்துப் பெயரைத் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் மலாக்காவில் இன்றும் நடக்கின்றன. ஜாசின் லாலாங், டைமண்ட் ஜூபிலி போன்ற பெயர்கள் பள்ளிப் பலகையில் அப்படியே இருக்கின்றன. அன்று மண் பாதையில் நடந்து வந்த பள்ளிகளுக்கு இன்று பிள்ளைகள் பெரும்பாலும் வேனிலும் காரிலும் வருகிறார்கள். பள்ளி முடிந்தால் டியூஷன், அதன்பின் கைப்பேசி. லயம் போன பிறகும் நின்ற மாரியம்மன் கோயில்களில் ஆண்டுத் திருவிழாவுக்குச் சிதறிய குடும்பங்கள் பல ஊர்களிலிருந்து திரும்பி வருகின்றன. அந்த இரண்டு மூன்று நாட்களில் பேரப்பிள்ளைகள் கோயில் திடலில் இருட்டும்வரை ஓடுகிறார்கள். ஒருவரை ஒருவர் அறிந்த பெரியவர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பதால் யாரும் அவர்களைக் கூப்பிடுவதில்லை.