பழைய கணிப்பொறிக்குப் புதிய செயலி எப்போது?

மும்பை நகரின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. நகரம் பம்பாய் என வழங்கிய நாளில், 1960-ஆம் ஆண்டில், இந்நிலையத்தில் ஒரு மின்னணுக் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. இந்நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டப்பெற்ற முதல் முழு அளவு இலக்கமுறைக் கணிப்பொறி அதுவே. 1962 ஜனவரியில் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதற்கு ‘டிஃப்ராக்’ என்று பெயர் சூட்டினார். பெயர் சூட்டி இரண்டே ஆண்டுகளில் வேறொரு கணிப்பொறி வந்து சேர்ந்தது. 1965-ல் டிஃப்ராக் ஓய்வு பெற்றது. ஓடிக்கொண்டிருந்த யந்திரத்தை ஏன் நிறுத்தினார்கள் என்னும் கேள்வி, இன்று மாதுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ வீட்டுக் கணிப்பொறியின் எதிரே அமர்ந்து, ‘செயலியை மாற்றலாமா?’ என யோசிக்கும் மாணவனுக்கும், அவனுக்குப் பணம் கொடுக்கவேண்டிய தந்தைக்கும் பயன்படக்கூடியது.

டிஃப்ராக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் ஆவார். கணிப்பொறி கட்டிய முன் அனுபவம் குழுவில் எவருக்கும் இல்லை. ஆகையால் முதலில் ஒரு சிறிய முன்மாதிரி யந்திரத்தை அமைத்து, 1956-ன் இறுதியில் அதை ஓட்டிக் காட்டிய பின்னரே பெரிய யந்திரத்தில் கை வைத்தார்கள். அதில் சுமார் 2,700 வெற்றிடக் குழாய்களும், 1,700 ஜெர்மானியம் டயோடுகளும், 12,500 மின்தடைகளும் இடம்பெற்றன. ஒவ்வொன்றும் 40 பிட்டுகள் கொண்ட 2,048 சொற்களை அதன் நினைவகம் தாங்கும். ஒரு சொல்லை எடுத்துத் தர அதற்கு 15 மைக்ரோ வினாடிகள் தேவைப்பட்டன. கணக்கை யந்திரத்தின் மொழியிலேயே, ஒன்றும் சுழியுமாக, எழுதித் தரவேண்டும்.

குறை எங்கே இருந்தது? யந்திரம் பழுதானது என்பதன்று. கட்டி முடிப்பதற்குள் உலகம் டிரான்சிஸ்டருக்கு மாறிவிட்டது. அதைக்காட்டிலும் முக்கியமானது, காத்திருந்த கணக்குகள் அந்த நினைவகத்தில் அடங்கவில்லை. 1964-ல் அமெரிக்காவிலிருந்து வந்த சி.டி.சி. 3600 என்னும் டிரான்சிஸ்டர் கணிப்பொறி, 48 பிட்டுச் சொற்கள் 32,768-ஐத் தாங்கியது. பிட்டுகளைக் கணக்கிட்டால் இது டிஃப்ராக்கைப்போல் சுமார் 19 மடங்கு. அதன் நினைவகச் சுற்றுக்கு 1.5 மைக்ரோ வினாடி போதும். ஃபோர்ட்ரான் மொழியில் கணக்கை எழுதலாம் என்பதால், யந்திரத்தின் உள்ளமைப்பை அறியாத விஞ்ஞானியும் அதை உபயோகிக்க முடிந்தது. நாட்டின் பல பல்கலைக் கழகங்களும் ஆராய்ச்சிக் கூடங்களும் தங்கள் கணக்குகளை அங்கே அனுப்பின.

டிஃப்ராக்கின் குழாய்களை மட்டும் எடுத்துவிட்டு டிரான்சிஸ்டர்களைப் பொருத்தியிருக்கலாகாதா என்று ஆசிரியர் ஒருவர் வகுப்பில் கேட்கப்படலாம். இயலாது. வெற்றிடக் குழாய்க்கு நூறு வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் வேண்டும். டிரான்சிஸ்டருக்குச் சில வோல்ட்டுகளே போதும். மின்வழங்கி, இணைப்புகள், துடிப்புகளின் கால அளவு அனைத்தையும் மாற்ற நேரும். அதற்குப் பெயர் புதுப்பித்தல் அன்று, புதிதாகக் கட்டுதல். அப்படியானால் அத்தனை ஆண்டு உழைப்பும் வீணா? அவ்வாறு கூறுவது பொருந்தாது. டிஃப்ராக்கைக் கட்டி ஓட்டியதால்தான் பெரிய யந்திரத்தை ஏற்று நடத்தத் தெரிந்த ஆட்கள் இங்கே இருந்தார்கள்.

வீட்டிலுள்ள விளையாட்டுக் கணிப்பொறிக்கு வருவோம். இதில் வேலை இரு கூறாகப் பிரிகிறது. பாத்திரங்கள் எங்கே நிற்கின்றன, பந்து எத்திசையில் செல்லும், எதை வரையவேண்டும் என்பவற்றைப் பிராசசர் என வழங்கும் செயலி கணக்கிடுகிறது. படத்தைத் தீட்டுவது கிராஃபிக்ஸ் அட்டையின் வேலை. வினாடிக்கு 60 படங்கள் தோன்றவேண்டுமாயின் ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி வினாடி. அட்டை 12 மில்லி வினாடியில் முடித்தாலும், செயலி 25 மில்லி வினாடி எடுத்துக்கொண்டால் வினாடிக்கு 40 படங்களுக்கு மேல் வரா. இந்நிலையில் விலை மிக்க புதிய அட்டை வாங்குவது பணத்தைக் கடலில் எறிவதற்கு ஒப்பாகும். எண்களை மாற்றிப் போட்டால், புதிய செயலி வாங்குவதும் அவ்வாறே.

இரண்டில் எது தடை என்பதை அறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. விளையாட்டின் அமைப்புப் பகுதியில் திரையின் நுணுக்கத்தை 1920 × 1080 என்பதிலிருந்து 1280 × 720 எனக் குறைக்கவேண்டும். வண்ணம் தீட்டவேண்டிய புள்ளிகள் 20,73,600-லிருந்து 9,21,600 ஆகச் சுருங்கும். செயலியின் வேலையோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். படங்களின் எண்ணிக்கை நன்கு உயருமாயின் தடை கிராஃபிக்ஸ் அட்டையே. உயராவிடில் செயலியின் மீது ஐயம் கொள்ளலாம். செயலியின் உழைப்பு 30 சதவீதம் என்று திரை காட்டுவதைக் கண்டு ஏமாறுதல் கூடாது. எட்டு உட்கருக்களின் சராசரி அது. ஒன்று முழு மூச்சுடன் உழைக்க, மற்றவை பெரும்பாலும் சும்மா இருக்கலாம். வேலையின் எப்பகுதியைப் பகிர்ந்தளிக்க முடியாதோ அப்பகுதியே வேகத்தின் எல்லையை வகுக்கும் என்பதை 1967-ல் ஜீன் ஆம்டால் எடுத்துக்காட்டினார்.

செயலி வயதானதால் மெதுவாகிவிட்டது என்று பலர் கூறுவதுண்டு. கால்நடையாகச் செல்லும் முதியவரைப்போல் செயலி தளர்வதில்லை. அதே கடிகாரத் துடிப்பில் அதே வேலையைத்தான் செய்கிறது. அளவு மீறிச் சூடானால் மட்டும் தன்னைக் காத்துக்கொள்ளத் துடிப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். மும்பை போன்ற கடற்கரை நகரில், ஈரக் காற்றோடு கலந்த தூசி விசிறியிலும் வெப்பம் கடத்தும் தகட்டிலும் அடையாய் அப்பிவிடுகிறது. செயலிக்கும் தகட்டுக்கும் இடையே பூசிய பசையும் ஆண்டுகள் செல்ல உலர்ந்துபோகும். மின்சாரத்தைத் துண்டித்து, தூசியை அகற்றி, புதுப் பசை பூசிய பின்பு மறுபடியும் சோதித்துப் பார்ப்பது நலம். கணிப்பொறி தொடங்கவே இரண்டு நிமிடம் பிடிக்கிறது என்பது புகாரானால், பெரும்பாலும் குற்றவாளி சுழலும் ஹார்ட் டிஸ்க். அதன் இடத்தில் எஸ்.எஸ்.டி. வைத்தாலே பள்ளிக்கூடக் கணிப்பொறிகள் பல உயிர் பெற்றுவிடும்.

இவ்வளவும் செய்து, தடை செயலிதான் என்று உறுதிப்பட்டால், அடுத்துப் பார்க்கவேண்டியது மதர்போர்டு. டிஃப்ராக்கின் குழாய்க் கதை இங்கே மீண்டும் வருகிறது. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ஏ.எம்.4 பொருத்துமனையுள்ள 2017-ஆம் ஆண்டு மதர்போர்டுகள் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தபின், 2022-ல் வெளிவந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி செயலியைப் பொருத்த முடிகிறது. விளையாட்டுகளுக்குப் பெரிதும் உதவும் 96 மெகாபைட் இடைநினைவு அதில் அமைந்துள்ளது. ஆனால் இன்டெல் மதர்போர்டுகள் பொதுவாக இரண்டொரு தலைமுறைச் செயலிகளையே ஏற்கும். அதற்கு அப்பால் சென்றால் மதர்போர்டு, ரேம் இரண்டையும் சேர்த்தே வாங்கவேண்டும். லேமிங்டன் சாலைக் கடைகளில் விலை கேட்கும்போது மூன்றின் மொத்த விலையையும் கேட்பதே முறை. பழைய பலகைக்கு ஏற்ற வேகமான செயலி இரண்டாம் கைச் சரக்காகவும் அங்கே கிடைக்கக்கூடும். கடையிலேயே பொருத்தி ஓட்டிப் பார்த்து வாங்கவேண்டும்.

வேகத்துக்குத் தொடர்பில்லாத ஒரு காரணமும் இப்போது சேர்ந்துள்ளது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் நிபந்தனைகளை, இன்டெல்லின் எட்டாம் தலைமுறைக்கு முந்திய செயலிகளில் ஏறக்குறைய எதுவும் நிறைவு செய்வதில்லை. நன்றாக ஓடும் செயலிகளும் இதனால் ஒதுக்கப்படுகின்றன. பாடம் கற்பிக்கவும் கடிதம் எழுதவும் மட்டுமே கணிப்பொறி வேண்டியிருப்பின், லினக்ஸை ஏற்றிப் பார்த்துவிட்டுப் பின்னர் தீர்மானிக்கலாம்.

கழற்றிய செயலி உழைக்கக்கூடியதாயின், அதே மதர்போர்டு வைத்திருக்கும் மற்றொருவருக்கு உதவும். பயனற்றதாயின், குப்பையோடு சேர்த்து எறிவது தகாது. செயலியின் முனைகளில் மெல்லிய தங்கப் பூச்சு உண்டு. அதைப் பிரித்தெடுக்க, போதிய பாதுகாப்பின்றி அமிலத்தில் தோய்க்கும் வழக்கம் நம் நகரங்களின் சிறு பட்டறைகளில் காணப்படுகிறது. அதன் புகையும் கழிவுநீரும் அங்கே உழைப்பவர்களையே முதலில் தாக்குகின்றன. மின்னணுக் கழிவு மேலாண்மைக்கான 2022-ஆம் ஆண்டு விதிகள் 2023 ஏப்ரல் முதல் நாளிலிருந்து நடைமுறையில் உள்ளன. அவற்றின்கீழ்ப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமே இத்தகைய பொருள்கள் சேரவேண்டும். பள்ளிகள் தம் பழைய கணிப்பொறிகளைக் கழிக்கும்போது, பதிவுச் சான்றைக் கேட்டுப் பார்த்து, ஒப்படைத்ததற்கு ரசீது பெற்றுக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம்.