நரேலா டு ஜங்புரா: ஒரு ஹேண்டில்பார் விவகாரம்

தில்லி ஜங்புராவில், பாராபுல்லா சாக்கடைக் கரையில் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 ஆம் தேதி இடிக்கப்பட்டது. முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகள். தகுதிப் பட்டியலில் பெயர் வந்தவர்களுக்கு நரேலாவில் அடுக்குமாடி வீடு ஒதுக்கினார்கள். நரேலா தில்லியின் வடக்கு ஓரம்; அரியானா எல்லை கூப்பிடு தூரம். வீடு அங்கே போய்விட்டது, வேலை மட்டும் ஜங்புராவிலேயே இருந்துவிட்டது. இடையே ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர்.

அப்படிப் போன குடும்பங்களில் ஒன்று கள்ளக்குறிச்சிப் பக்கத்தைச் சேர்ந்தது. கணவர் ஓர் ஆபீசில் பியூன். வயது ஐம்பதை நெருங்குகிறது. மனைவி நாலு வீடுகளில் பாத்திரம் துலக்குகிறார். காலை ஏழரைக்கு முதல் வீட்டு மணியை அடித்தாக வேண்டும். பஸ் மாறி மாறிப் போனால் நடக்காது. ஆகவே மகன் இரண்டாம் கையாக வாங்கி ஓட்டிய 150 சி.சி. மோட்டார் சைக்கிளைத் தந்தை எடுத்துக்கொண்டார். மகன் ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான்.

வண்டி இளவட்டங்களுக்காகச் செய்தது. ஹேண்டில்பார் தட்டையாக, தாழ்வாக, முன்னால் தள்ளி இருக்கும். ஓட்டுபவர் டாங்கின் மேல் கவிழ்ந்துதான் உட்கார வேண்டும். கேம்பில் இருந்தவரை மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் இது ஒரு குறையாகவே தெரியவில்லை. நாற்பது கிலோமீட்டர் ஆனதும் உடம்பு கணக்குக் கேட்டது. முகர்பா சௌக் வருவதற்குள் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துவிடும். கழுத்தைத் தூக்கிப் பார்த்துப் பார்த்துப் பிடரி வலிக்கும். ஆபீசில் தேநீர்த் தட்டை ஏந்தினால் கிளாஸ்கள் ஆடுவதை மேலதிகாரியே கவனித்துக் கேட்டாராம்.

மரத்துப் போவதற்குக் காரணம் உண்டு. முழங்கை எங்காவது இடித்தால் சுரீரென்று மின்சாரம் பாய்கிறதே, அந்த நரம்புதான் கையின் ஓரமாக இறங்கி இந்த இரண்டு விரல்களுக்கும் போகிறது. கவிழ்ந்து உட்கார்ந்தால் மேலுடம்பின் பாரம் உள்ளங்கையில் இறங்கி அந்த நரம்பை நசுக்குகிறது. வண்டியின் அதிர்வு வேறு. போதாததற்கு பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆள், ஒவ்வொரு பிரேக்குக்கும் முன்னால் சரிந்து தம் பாரத்தையும் சேர்த்துக் கொடுப்பார்.

"ஏங்க, ஹேண்டிலை மாத்திடுங்க. எல்லாரும் மாத்துறாங்கல்ல" என்றார் மனைவி.

மாற்றினார். பக்கத்துக் கடை ஒன்றில் இருந்ததிலேயே உயரமானதைக் காட்டினார்கள். பழையதைவிட ஆறு அங்குலம் உயரம். ராஜா மாதிரி நிமிர்ந்து உட்காரலாம் என்றார்கள். அரை மணியில் பூட்டியும் கொடுத்தார்கள். மறுநாள் அலிப்பூர் பக்கம் யு-டர்ன் அடிக்க ஹேண்டிலை முழுக்க ஒடித்தார். கையை முறுக்காமலே எஞ்சின் உறுமிக்கொண்டு வண்டி முன்னால் பாய்ந்தது. எதிரே லாரி. கிளட்சை அழுத்தியதால் பிழைத்தார்கள். மனைவியின் முழங்கால் தரையில் உரசியதோடு போயிற்று. மூன்று நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. மூன்று நாள் சம்பளமும் இல்லை.

கரோல் பாக் மிஸ்திரி

கரோல் பாக் நாய்வாலா பக்கம் மோட்டார் சைக்கிள் சாமான் கடைகள் வரிசையாக இருப்பது தில்லித் தமிழர்களுக்குத் தெரியும். அங்கே ஒரு கடை வாசலில் வேலை செய்யும் வயதான சர்தார்ஜி மிஸ்திரியிடம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய் நின்றார். மிஸ்திரி வண்டியைத் தொடுவதற்கு முன் நியூட்ரலில் ஸ்டார்ட் செய்து, ஹேண்டிலை மெதுவாக இடம் வலம் என்று கடைசி வரை திருப்பினார். ஒரு பக்கம் போகும்போது எஞ்சின் சத்தம் தானாக ஏறியது.

"ஒயர் நீளம் போதவில்லை, பாபுஜி. பாரைத் தூக்கிவிட்டான், கேபிளை அப்படியே விட்டுவிட்டான். ஹேண்டிலை ஒடிக்கும்போது கேபிள் இழுபட்டு ஆக்சிலேட்டர் தானே திறந்துகொள்கிறது" என்றார்.

உயரமான ஹேண்டில்பார் போடுகிறவர்கள் முக்கியமாகப் பார்க்க வேண்டியது இதுதான். ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், முன் பிரேக் ஹோஸ், ஸ்விட்ச் ஒயர்கள் ஆகிய நான்கும் இரண்டு பக்கக் கடைசித் திருப்பத்திலும் தொய்வோடு இருக்க வேண்டும். டிஸ்க் பிரேக் ஹோஸ் விறைத்து நின்றால் நீளமான ஹோஸ் போட்டு, பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை முழுக்க வெளியேற்ற வேண்டும். காற்று தங்கினால் லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. ஸ்விட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு முளை இருக்கும். அதற்குப் புதிய பாரில் துளை போட வேண்டும். முளையைத் தேய்த்து எறிந்துவிட்டுப் பூட்டுகிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் ஓட்டும்போது ஸ்விட்ச் பெட்டி பாரில் சுழலும்.

"இவ்வளவு உயரம் எதற்கு?" என்று மிஸ்திரி அடுத்துக் கேட்டார். கை தோளுக்கு மேலே போனால் வேறு விதமாக மரத்துப்போகும். உடம்பு நேர்க்குத்தாக நின்றால் பாரமெல்லாம் இடுப்பெலும்பில் இறங்கும். ஒவ்வொரு பள்ளமும் முதுகுத்தண்டைப் போய் இடிக்கும். ஜி.டி. ரோட்டில் வேகமாகப் போகையில் காற்று நெஞ்சில் மோதிப் பின்னால் தள்ளும். அதைத் தாங்க பாரைப் பிடித்துத் தொங்க வேண்டியிருக்கும். ஒரு வலியைக் கொடுத்து இன்னொரு வலியை வாங்கிய கதை.

அவர் அளவெடுத்த விதம் தையற்காரர் அளவெடுப்பது போல இருந்தது. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, மனைவியையும் பின்னால் உட்காரச் சொன்னார். "கண்ணை மூடு. தோளைத் தளர்த்து. கையைச் சும்மா முன்னால் நீட்டு" என்றார். முழங்கை இலேசாக மடங்கியிருக்க, கை தானாக எங்கே நின்றதோ அங்கே டேப் பிடித்தார். பழைய பாரிலிருந்து இரண்டு அங்குலம் உயரம், ஓர் அங்குலம் கிட்டே. அவ்வளவுதான் தேவைப்பட்டது.

சில வண்டிகளில் இதுகூட வேண்டாம். பாரைப் பிடித்திருக்கும் நாலு போல்ட்டைத் தளர்த்தி, பாரையே சற்றுப் பின்னால் சுழற்றினால் போதும், காலணா செலவில்லை. இல்லாவிட்டால் பாருக்கு அடியில் வைக்கும் உயர்த்திக் கட்டைகள், ரைசர் என்று கடையில் கிடைக்கும். கூடவே நீளமான போல்ட் போட வேண்டும். பார் வாங்கினால் குழாயின் பருமன் முக்கியம். நம் ஊர் வண்டிகளில் பெரும்பாலும் கைப்பிடிப் பக்கம் 22 மில்லிமீட்டர். பருமன் மாறினால் பழைய ஸ்விட்சும் லீவரும் உட்காராது.

ஹேண்டில்பார் ஒன்றே வண்டியின் குணத்தை எவ்வளவு மாற்றும் என்பதற்கு நம் பக்கத்து உதாரணமே இருக்கிறது. சென்னையில் தயாராகும் ராயல் என்ஃபீல்டு 2018 இல் இண்டர்செப்டர், கான்டினென்டல் ஜி.டி. என்று இரண்டு வண்டிகளை இந்தியாவில் விற்பனைக்கு விட்டது. இரண்டிலும் அதே 648 சி.சி. இரட்டை சிலிண்டர் எஞ்சின். முன்னதில் உயர்ந்து அகன்ற பார். நிமிர்ந்து நெடுந்தூரம் போகலாம். பின்னதில் தாழ்ந்த துண்டுக் கைப்பிடிகள், கால் வைக்கும் இடமும் சற்றுப் பின்னால். கவிழ்ந்துதான் ஓட்ட வேண்டும். வாங்குகிறவர் தம் முதுகைக் கேட்டுக்கொண்டு தேர்ந்தெடுக்கலாம்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதை உறுதி செய்தது. இரண்டு அங்குல பாருக்காக ஒருவரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. என்றாலும் தோளுக்கு மேலே கொம்பு மாதிரி நிற்கிற பாரைப் பார்த்தால் டிராபிக் போலீஸ்காரர் கை காட்டுவார்.

மிஸ்திரி புதிய பாரையும் நீளமான கிளட்ச் கேபிளையும் பூட்டினார். ஆக்சிலேட்டர் கேபிளைப் பழைய பாதையிலிருந்து எடுத்து வேறு வழியாகக் கொண்டுவந்ததும் தொய்வு கிடைத்தது. ஹோஸ் அப்படியே போதுமானதாக இருந்தது. கடைசித் திருப்பத்தில் கை டாங்கில் நசுங்குகிறதா என்று பார்த்தார். கண்ணாடிகளைத் திருத்தினார். எஞ்சினை ஓடவிட்டு மீண்டும் இடம் வலம் திருப்பினார், சத்தம் மாறவில்லை. கூலியும் சாமானும் சேர்த்து, ஆறு அங்குலக் கடையில் வாங்கியதைவிட அதிகம்தான்.

முதல் நாள் போய்ச் சேர்ந்ததும் அந்த அம்மாள் கேட்ட கேள்வி, "வெரலு?" என்பதுதான். சுண்டுவிரலை மடக்கி நீட்டிக் காட்டினார். இலேசான மதமதப்பு இன்னும் இருக்கிறது. ஆனால் தேநீர்த் தட்டு ஆடுவதில்லை. வழியில் காஷ்மீரி கேட் அருகே ஐந்து நிமிஷம் நிறுத்திக் கையை உதறுவதை இருவரும் வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். அதற்காகக் காலையில் ஐந்து நிமிஷம் முன்னதாகவே கிளம்புகிறார்கள்.

புதிய பார் இறுகி உட்கார்ந்ததும் போல்ட் தளரலாம், ஐந்நூறு கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவா என்று மிஸ்திரி சொல்லி அனுப்பியிருந்தார். ஒரு மாதமாவது ஆகும் என்பது அவர் எண்ணம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே வண்டி வாசலில் வந்து நின்றது. மீட்டரைக் குனிந்து பார்த்துவிட்டு, அவர் ஒன்றும் பேசாமல் ஸ்பானரை எடுத்தார்.