ஐந்நூறு கிராம் நிர்பீக்கும் தோட்டாவின் கழுத்தும்

விருத்தாசலத்தை அடுத்த நல்லூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பீங்கான் பொம்மைப் பட்டறை நடத்துகிறவர். சனிக்கிழமை கூலிப் பணத்தை வங்கியில் எடுத்துக்கொண்டு தனியாக வண்டியில் வர வேண்டியிருக்கிறது. ஒரு முறை இரண்டு பேர் பைக்கில் வெகுதூரம் பின்தொடர்ந்து வந்திருக்கிறார்கள். ‘கைப்பையில் அடங்குகிற மாதிரி சின்ன ரிவால்வர் ஏதாவது நம் நாட்டில் கிடைக்கிறதா, எதைப் பார்த்து வாங்குவது?’ என்பது கேள்வி.

கிடைக்கிறது. கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 2014இல் ‘நிர்பீக்’ என்ற ரிவால்வரைப் பெண்களுக்கென்றே அறிவித்து வெளியிட்டது. டைட்டானியம் கலப்பு உலோகம், எடை சுமார் 500 கிராம், ஆறு தோட்டா. 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் நடந்த கொடுமைக்குப் பலியான பெண்ணை ஊடகங்கள் ‘நிர்பயா’ என்று அழைத்தன. ‘அச்சமற்றவள்’ என்று பொருள். அந்தப் பெயரின் சாயலில் வைத்த பெயர் இது. விலை 1,22,360 ரூபாய் என்று அப்போது செய்தி வந்தது. நகைப்பெட்டி போன்ற அரக்கு நிறப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். பெண்ணின் பாதுகாப்பை அரசு அவள் கைப்பைக்குள் தள்ளிவிடுகிறதா என்று மணிப்பூரைச் சேர்ந்த செயற்பாட்டாளர் பினாலட்சுமி நெப்ரம் போன்றவர்கள் கண்டித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. நல்லூர்ச் சாலையில் ஒரு பெண் பயமில்லாமல் வண்டி ஓட்ட வழி செய்வது ஆயுதத் தொழிற்சாலையின் வேலை இல்லை.

நிர்பீக்குக்குப் பிறகு ‘நிடர்’ வந்தது, .22 அளவில், பாதி எடையில். 2023 ஆகஸ்டில் கான்பூரிலிருந்தே ‘பிரபல்’ வந்தது. எடை 700 கிராம், பேரல் 76 மில்லிமீட்டர். முந்தைய இந்திய ரிவால்வர்களில் தோட்டா போட, பாக்குவெட்டியைத் திறப்பதுபோல் பேரலையே மடக்க வேண்டும். பர்மிங்காமின் பழைய வெப்லி ரிவால்வர் வழியாக வந்த பழக்கம் அது. பிரபலில் சிலிண்டர் மட்டும் பக்கவாட்டில் வெளியே வரும். இதைத் தயாரிக்கும் அரசு நிறுவனத்தின் கீழ்தான் திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையும் 2021 முதல் இருக்கிறது. வெப்லி பெயரிலேயே உத்தரப் பிரதேசத்தின் சண்டீலாவில் தயாராகும் ரிவால்வர்களும் உண்டு.

நிடரை விட்டால் மற்றவை எல்லாம் .32 அளவிலேயே இருப்பதற்குக் காரணம் சட்டம். .38, 9 மி.மீ. போன்றவை காவல்துறைக்கும் ராணுவத்துக்கும் உரிய ‘தடைசெய்யப்பட்ட’ அளவுகள். .32 ரிவால்வர் தோட்டா 1896இல் பிறந்தது. சுமார் 6 கிராம் ஈயக் குண்டை விநாடிக்கு இருநூற்றுச் சொச்சம் மீட்டர் வேகத்தில் அனுப்பும். இன்றைய கணக்கில் அது மென்மையான தோட்டா. ஆனால் ஆளைக் கொல்லப் போதுமானது என்பதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம்.

உரிமம் என்றால் மனு கடலூர் ஆட்சியரிடம் போக வேண்டும். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். உடல்நலச் சான்று, மனநலச் சான்று, ஆயுதப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்று எல்லாம் வேண்டும். உயிருக்கு என்ன ஆபத்து என்று விளக்கிச் சொல்ல வேண்டும். துப்பாக்கியை மறைத்து எடுத்துப் போவதைச் சட்டம் தடுக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. கைத்துப்பாக்கியை உறையிலோ பையிலோ வைத்து, வெளியே தெரியாமல் முழுக்க மூடி, தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொண்டுதான் பொது இடத்தில் போக வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளில் இருக்கிறது. இடுப்பில் தெரியும்படி செருகிக்கொண்டு திருவிழாவுக்குப் போவதுதான் குற்றம்.

இனி எதைப் பார்த்து வாங்குவது என்ற கேள்வி. கடையில் எல்லோரும் முதலில் எடையைத்தான் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது விசை. சுத்தியலை முன்கூட்டி இழுத்து வைக்காமல் நேரடியாகச் சுடும்போது, சின்ன ரிவால்வர்களின் விசையை இழுக்க 4.5 முதல் 5.5 கிலோ வரை பலம் வேண்டும். ஐந்து கிலோ அரிசிப் பையை ஒரே விரலில் மாட்டித் தூக்கிப் பார்த்தால் புரியும். அரைக் கிலோ ரிவால்வரின் விசையை அந்தப் பலத்தோடு இழுக்கும்போது ரிவால்வரே அசையும், குறி விலகும். எடை குறையக் குறைய இந்தத் தொல்லை கூடும். கைப்பைக்கு 500 கிராம் சுகம், கைக்கு 700 கிராம் சுகம். தினமும் பட்டறையில் அச்சு தூக்கிப் பழகிய கைக்கு 200 கிராம் கூடுதல் ஒரு பாரமே இல்லை.

அடுத்து, சிலிண்டருக்கும் பேரலுக்கும் இடையே உள்ள இடைவெளி. நல்ல ரிவால்வரில் அது 0.1 முதல் 0.25 மில்லிமீட்டர், நோட்டுத் தாள் ஒன்றிரண்டு நுழையும் அளவு. பச்சைப் பொம்மை சூளையில் வெந்து சுருங்கும்போது விரற்கடைக் கணக்கில் வேறுபாடு வந்தாலும் பட்டறைக்காரர் பொறுத்துக்கொள்வார். இங்கே அந்தப் பொறுமைக்கு இடமில்லை. சுடும்போது இந்தச் சந்து வழியாகக் கொதிக்கும் வாயு பக்கவாட்டில் பீறிடும். இடது கை விரல் அங்கே இருந்தால் பொசுங்கிவிடும். வாங்குமுன் இந்தச் சந்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பதைக் கூச்சப்படாமல் செய்யலாம்.

ஆனால் இந்த இயந்திரத்தில் மிக வியப்பானது ரிவால்வரில் இல்லை, தோட்டாவில் இருக்கிறது. பித்தளைக் கூட்டின் வாய், ஈயக் குண்டின் கழுத்தை இறுக்கிப் பிடித்திருக்கும். பூதக்கண்ணாடியில் பார்த்தால் கூட்டின் விளிம்பு உட்பக்கமாக மெல்ல மடிந்திருப்பது தெரியும். அடியில் உள்ள கேப் வெடித்ததும் மருந்து எரியத் தொடங்குகிறது. புகையில்லா வெடிமருந்துக்கு ஒரு குணம்: அழுத்தம் ஏற ஏறத்தான் அது வேகமாக எரியும். குண்டு ஒரு கணம் அடம்பிடித்து நின்றால்தான் அழுத்தம் ஏறும். கழுத்து தளர்ந்திருந்தால், கேஸ்கெட் தேய்ந்த குக்கர்போல் ஆகிவிடும்: அடுப்பு எரிகிறது, ஆவி ஓரமாகக் கசிகிறது, விசில் வரவே வராது. மருந்து பாதி எரிந்தும் எரியாமலும் குண்டு சோம்பலாக வெளியேறும்.

இதற்குத் தமிழ்நாட்டின் மிகப் பெரிய சாட்சி 1967 ஜனவரி 12. சென்னை ராமாவரம் தோட்ட வீட்டில் எம்.ஜி.ஆரை நடிகர் எம்.ஆர். ராதா மிக அருகிலிருந்து ரிவால்வரால் சுட்டார். பிறகு தன்னையும் சுட்டுக்கொண்டார். குண்டு எம்.ஜி.ஆரின் காதருகே பாய்ந்து கழுத்தில் தங்கியது. குரல் மாறியது. கழுத்தில் கட்டோடு இருந்த படம் சுவரொட்டியாக ஊரெங்கும் ஒட்டப்பட்டது. மருத்துவமனையில் படுத்தபடியே சட்டமன்றத் தேர்தலில் பரங்கிமலைத் தொகுதியில் வென்றார். அவ்வளவு அருகிலிருந்து சுட்டும் இருவரும் பிழைத்தது எப்படி? தோட்டாக்கள் மிகப் பழையவை, மேசை இழுப்பறையில் பல ஆண்டுகள் கிடந்து, திறக்கும்போதும் மூடும்போதும் உருண்டு உரசி வீரியம் இழந்தவை என்று பின்னாளில் காரணம் சொல்லப்பட்டது. கழுத்துப் பிடியின் கதையைத் தெரிந்துகொண்டவர்களுக்கு இந்த விளக்கம் சட்டென்று பொருந்தும். அன்று அந்த இழுப்பறை இரண்டு உயிரைக் காப்பாற்றியது. தற்காப்புக்கென்று வாங்கியவருக்கு அதே இழுப்பறை எமனாக முடியும்.

இதே கழுத்துக்கு இன்னொரு சோதனையும் உண்டு. நின்றிருந்த பேருந்து சட்டென்று கிளம்பினால் நிற்கிறவர்கள் பின்னால் சாய்வார்கள். ரிவால்வர் பின்னால் உதைக்கும்போது சிலிண்டரில் காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் குண்டுகளும் அப்படித்தான் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பித்தளைக் கூடு மட்டும் பின்னால் போகும். பிடி தளர்வாக இருந்தால் குண்டு கொஞ்சம் முன்னே நழுவி, சிலிண்டரைச் சுழலவிடாமல் பேரலில் முட்டும். எடை குறைந்த ரிவால்வரில் உதை கடுமை என்பதால் இந்த ஆபத்தும் அதிகம். அமெரிக்காவின் மிக இலகுவான ரிவால்வர்களோடு வரும் கையேடுகளில் இதற்கென்றே ஒரு சோதனை சொல்லப்பட்டிருக்கும்: சிலிண்டரை நிரப்பி, கடைசித் தோட்டா ஒன்றை விட்டு மற்றதையெல்லாம் சுட்டு, அந்த ஒன்றில் குண்டு நகர்ந்திருக்கிறதா என்று பார்ப்பது. .32இன் உதை லேசானது என்பதால் நிர்பீக்கில் இந்தக் கவலை குறைவு. பழைய தோட்டாவைப் போட்டால் கவலை திரும்பி வரும்.

நம் ஊர்களில் உரிமத்தோடு துப்பாக்கி வைத்திருக்கிறவர்களில் எத்தனை பேர் இதையெல்லாம் கவனிக்கிறார்கள் என்பது மனத்தை உறுத்துகிற கேள்வி. வாங்கிய நாளில் பூசை போட்டுப் பீரோவில் வைத்ததோடு சரி. தேர்தல் அறிவிப்பு வந்ததும் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போதுதான் உறையிலிருந்து வெளியே வருகிறது. எண்ணெய் காணாத சிலிண்டர், தாத்தா காலத்துத் தோட்டா, சாவி எங்கே என்று குழந்தைக்கும் தெரிந்த பீரோ. இன்னொரு பக்கம், வடக்கே கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் வழக்கம். அதனால் உயிர்கள் போய்க்கொண்டே இருந்ததால் 2019இல் சட்டத்தைத் திருத்தி, அதற்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று வைத்தார்கள். ஒரே ஆள் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கையும் அதே திருத்தத்தில் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது.

நல்லூர் வாசகிக்கு முதலில் சொல்ல வேண்டியது வேறு. கூலியை வங்கிக் கணக்குகளில் போட முடிந்தால், பணப்பையே இல்லாமல் போகும். பின்தொடர்கிறவர்களுக்கு வேலை இராது. அது முடியாமல் உரிமமும் கிடைத்துவிட்டால், 700 கிராம் பிரபலைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். தோட்டா வாங்கும்போது பெட்டியில் அச்சான தேதியைப் படிக்க வேண்டும். உரிமத்தில் எழுதிய அளவுக்கு மேல் வாங்க முடியாது என்பதால், பழையதைப் பயிற்சித் தளத்தில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதை வாங்கிப் போட வேண்டும். ஆறு தோட்டாவையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை வெளியே எடுத்து, பட்டறையில் பொம்மைக்குக் கண் எழுதும் மேசை விளக்கின் கீழ் ஒவ்வொன்றாகச் சுழற்றி, பித்தளை விளிம்பு ஈயத்தை இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.